மேமியோ குளிரில் உதைக்கு மசியாத வண்டி

காலையில் மட்டும் கிளம்ப மறுக்கிற வண்டியைப் பழுது பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் கோளாறு ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் முகம் காட்டும். எப்படியோ கிளப்பி, எஞ்சின் சூடாகிவிட்டால் அப்புறம் அன்றைக்கு முழுக்க ஒரே உதைதான். மெக்கானிக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றும் அறியாததுபோல் ஓடும். "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். மறுநாள் விடிந்தால் பழைய கதை. அதனால் எதை முதலில் சோதிப்பது, எதைப் பிறகு வைத்துக்கொள்வது என்கிற வரிசையில்தான் இந்த வேலையே இருக்கிறது. ஒரு விடியற்காலையைத் தேவையில்லாத சோதனைக்குச் செலவழித்தால் அடுத்ததற்கு ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

வண்டி 125 சிசி, ஹோண்டா வேவ் அச்சில் வார்த்த சீன வண்டி. கிளட்ச் லீவர் கிடையாது, நாலு கியர், சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும், டேங்க் சீட்டுக்கு அடியில். பர்மாவில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த ஜாதி வண்டிதான் கண்ணில் படும், ரங்கூன் நீங்கலாக. அங்கே 2003லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அதனால் ரங்கூனில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பாடெல்லாம் சொன்னாலும் புரியாது. எனக்கு இந்த வண்டி இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறேன். விடியற்காலை நாலரைக்கே முதல் கடையில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும்.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. மேமியோ, இப்போது காகிதத்தில் ப்யின் ஊ ல்வின், மாண்டலேயிலிருந்து 67 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,070 மீட்டர் உயரம். கர்னல் மே என்கிற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் வந்த ஊர். வெள்ளைக்காரர் காலத்தில் கோடையானால் அரசாங்கமே கீழிருந்து இங்கே ஏறி வந்துவிடுமாம். கோடைக்குச் சுகமான ஊர் மார்கழியில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். கீழே மாண்டலேயில் அதே நேரத்தில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும்.

வண்டியைப் பழையதாகத்தான் வாங்கினேன். முதலில் மாண்டலேயில் ஓடி, அப்புறம் மேலே வந்த வண்டி. விற்றவர் பெருமையாகச் சொன்ன ஒரு விஷயம் என் மனதில் நின்றது: "மலைக்குத் தகுந்த மாதிரி செட்டிங் பண்ணியாச்சு, மைலேஜ் நல்லா வரும்." வாங்கியது மழைக்காலத்தில். தீபாவளி முடிந்து பனி இறங்கியதும்தான் வண்டி தன் குணத்தைக் காட்டியது.

அறிகுறிகளைச் சரியாகக் கவனித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சோக் போட்டு உதைத்தால் ரொம்ப நேரத்துக்கு ஒரு சத்தமும் இருக்காது. பிறகு 'பட்' என்று ஒரு தடவை பேசிவிட்டு அணையும். சில சமயம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புகிற கார்புரேட்டர் வழியாகத் தும்மும். ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டு உதைத்தால் அந்த 'பட்'டும் வராது. கிளம்பிய பிறகும் சோக்கை எடுத்தால் நின்றுவிடும். நல்ல வண்டி ஒரு நிமிடத்தில் சோக் இல்லாமல் ஓட வேண்டும், இது நெடுநேரம் சோக்கோடுதான் உயிரோடு இருந்தது. இவ்வளவு உதைத்த பிறகும் சைலன்சர் பக்கம் குனிந்தால் பச்சைப் பெட்ரோல் வாசனை இல்லை. தும்மல், சோக்கை விடாமல் பிடித்துக்கொள்வது, வாசனை இல்லாதது, மூன்றும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

குளிரில் மட்டும் ஏன் அப்படி? பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்ததுதான் எரியும். கணக்குப்படி ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று. ஆனால் எஞ்சின் சில்லிட்டுக் கிடக்கும்போது உள்ளே போகிற பெட்ரோலில் பெரும் பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. மீதி ஆவியைக் கொண்டு தீ பிடிக்க வேண்டுமானால் வழக்கத்தைவிட ரொம்ப அதிகமாகப் பெட்ரோல் விட்டாக வேண்டும். அதற்குத்தான் சோக். கார்புரேட்டரின் வாயைத் தகடு கொண்டு மூடி, எஞ்சின் உறிஞ்சுகிற உறிஞ்சலை, பெட்ரோல் வருகிற சின்னத் துளைகளான ஜெட்டுகளின் மேல் திருப்பிவிடுகிறது. சூடான எஞ்சினுக்கு இந்த உபரி தேவையில்லை. ஆகவே பெட்ரோல் கொஞ்சம் குறைவாகப் போகிற வண்டி மதியம் நன்றாக ஓடும், விடியற்காலையில் மாட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் தெருவில் சொன்னால் யார் கேட்கிறார்கள். ஆளுக்கொரு யோசனை. என் மைத்துனன் பேட்டரியைப் பிடித்துக்கொண்டான். "மாமா, பேட்டரி போயிடுச்சு. புதுசு ஒண்ணு வாங்கிப் போடுங்க, அப்புறம் பாருங்க." எதிர்வீட்டு கூர்க்கா அண்ணன் 92 ஆக்டேன் போடுவதால்தான் இந்தத் தொல்லை, 95 போட்டால் தீர்ந்துவிடும் என்றார். ஒருவர் காயில் மாற்றச் சொன்னார். இன்னொருவர் கரி அடுப்பை எஞ்சினுக்குக் கீழே கொஞ்ச நேரம் தள்ளி வைக்கச் சொன்னார். அவர் அப்படித்தான் செய்கிறாராம்! பெட்ரோல் ஆவி கசிகிற கார்புரேட்டருக்குக் கீழே நெருப்பைக் கொண்டுபோய் வைக்கிறவருக்கு வண்டி மட்டுமா போகும், வீடும் போகும். அவசரத்துக்கு ஒரு வழி வேண்டுமென்றால், கொதிக்கிற தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள குழாயின் மேல் சுற்றுங்கள். இரண்டு மூன்று தரம் துணியை மாற்றினால் கிளம்பிவிடும். நான் பழுது பார்த்து முடிக்கும்வரை பால் போய்ச் சேர்ந்தது அந்தத் துணியின் புண்ணியத்தில்தான்.

ஆக்டேன் விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். அந்த எண் எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்கான அளவு. குளிரில் எவ்வளவு சுலபமாக ஆவியாகும் என்பது வேறு கணக்கு. 95க்குக் கொடுக்கிற காசு இந்தக் கோளாறைத் தீர்க்காது.

பேட்டரியைப் புதிதாக வாங்குவதற்கு முன்னால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது, அதற்குக் குளிரும் தேவையில்லை. மதியம், எஞ்சின் சூடாக இருக்கும்போது, பேட்டரி ஃப்யூஸைக் கழற்றிவிட்டு உதைத்தேன். கிளம்பியது. உடனே அணைத்துவிட வேண்டும், பேட்டரி இல்லாமல் ஓடவிட்டால் பல்பு போகும். இதில் தெரிய வருவது என்னவென்றால், இந்த வண்டியின் சிடிஐ, அதாவது பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பெட்டி, பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்குகிற மேக்னெட்டோவில் இருக்கிற தனிக் காயிலிலிருந்து எடுக்கிறது. செல்ஃப் போடுகிறவனுக்குப் பேட்டரி வேண்டும், உதைக்கிறவனுக்குத் தீப்பொறி பேட்டரி இல்லாமலே வரும். ஃப்யூஸ் இல்லாமல் கிளம்பாத வண்டி என்றால் அது பேட்டரியை நம்பியிருக்கிற டிசி சிடிஐ, அங்கே மைத்துனன் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்த மேக்னெட்டோ வகைக்கும் ஒரு பலவீனம் உண்டு. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுதான் பொறியின் பலம். பழைய ஓனர் 20W-50 ஆயில் ஊற்றி வைத்திருந்தார். வெயில் நாளில் பரவாயில்லை. குளிர்ந்த விடியலில் அது கெட்டியாகி, கிக்கர் பாதியிலேயே பாரமாக நின்றது. 10W-40க்கு மாற்றியதும் உதை காலுக்கே வித்தியாசமாகத் தெரிந்தது. பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். முனை வெளிறிப் போய் இருந்தது, கரி இல்லை. இதுவும் பெட்ரோல் குறைவு என்பதற்கு இன்னொரு சாட்சி. இடைவெளி 0.8 தாண்டித் தேய்ந்திருந்தது. இந்த வகைப் பிளக்குக்கு 0.6, 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புதுசு ஒன்று வாங்கிப் போட்டேன். ஆயிலும் பிளக்கும் சேர்ந்து நிலைமையைக் கொஞ்சம் லேசாக்கின, அவ்வளவுதான். தும்மல் போகவில்லை.

சரி, இனி விடியற்காலைச் சோதனை. அதில் முதலாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: சோக்கை முழுக்கப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், சாவியைத் திருப்பி, பத்துப் பதினைந்து உதை. கிளம்பாவிட்டால் உடனே பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். ஈரமாக இருந்து பெட்ரோல் மணத்தால், பெட்ரோல் வருகிறது, பொறியில் கோளாறு, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி நிரம்பிவிட்டது. உலர்ந்திருந்தால் பெட்ரோல் போய்ச் சேரவே இல்லை. என் பிளக் அடுப்படியில் காயவைத்த மாதிரி வறண்டிருந்தது. உடனே ஊசி போடுகிற சிரிஞ்சில் ஒரு மில்லி பெட்ரோல் எடுத்துப் பிளக் ஓட்டை வழியாக விட்டு, சிந்தியதைத் துடைத்து, பிளக்கைப் போட்டு உதைத்தேன். முதல் உதையிலேயே சடசடவென்று இரண்டு மூன்று நொடி ஓடி அணைந்தது. ஆக, பொறி இருக்கிறது, சிலிண்டருக்குள் அழுத்தமும் எரிகிற அளவுக்கு இருக்கிறது. குறை பெட்ரோல் வருகிற வழியில், அல்லது வேண்டாத காற்று வருகிற வழியில்.

இந்த ஒரு சோதனை பேட்டரி, காயில், சிடிஐ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒதுக்கிவிட்டது. இதைச் செய்யாமல் உதிரி பாகம் வாங்கப் போகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

கார்புரேட்டரைத் திறப்பதற்கு முன் அடியில் இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் தேங்கியிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடித்தேன். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. இங்கே ரோட்டோரம் தண்ணீர் பாட்டிலில் நிரப்பி, பலகையில் வரிசையாக வைத்து விற்கிற பெட்ரோலை நம்பித்தான் பலபேர் வண்டி ஓட்டுகிறோம், நானும்தான். தண்ணீர் பாட்டிலில் இருந்தே வந்ததா, அரை டேங்கோடு நிறுத்திவைத்த ராத்திரிகளில் உள்ளே பனித்ததா என்று இப்போது ஆராய்ந்து பயனில்லை. டேங்கை முழுக்க வடித்து, துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றினேன். இப்போதெல்லாம் ராத்திரி டேங்கை நிரப்பித்தான் நிறுத்துகிறேன். உள்ளே காற்று குறைவாக இருந்தால் அது விடுகிற ஈரமும் குறைவு.

அடுத்து ஜெட். கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் தெரிகிற பெரியது மெயின் ஜெட். பக்கத்தில் குழிக்குள் ஒளிந்திருக்கிற சின்னது பைலட் ஜெட், ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் முக்கியமாக இதன் வழியாகத்தான் வர வேண்டும். ஓட்டை மயிரிழை அளவு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் வட்டமாகத் தெரிய வேண்டும். எனக்குப் பிறை மாதிரி தெரிந்தது. ஓரத்தில் தேன் நிறத்தில் பிசின் படிந்திருந்தது. இதை ஊசி, கம்பி என்று இரும்பால் குத்தக்கூடாது. ஜெட் பித்தளை, ஓட்டை பெரிதாகிவிடும். மின்வயரில் ஒரு செம்பு இழையை உருவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இழையை உள்ளே விட்டு விட்டு எடுத்தேன். கடைசியில் சைக்கிள் பம்பால் ஒரு ஊது.

ஜெட்டின் தலையில் 35 என்று எண் இருந்தது. எதிர்வீட்டு அண்ணனிடமும் அதே கம்பெனி, அதே மாடல் வண்டி. அவர் வண்டி மார்கழியிலும் இரண்டாவது உதைக்குக் கிளம்பும். அவரைக் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதன் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தோம். அதில் 38. விற்றவர் சொன்ன 'மலை செட்டிங்' என்ன என்று அப்போது விளங்கியது. யாரோ ஒரு மெக்கானிக், உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், பெட்ரோலைக் குறைத்தால் மைலேஜ் கிடைக்கும் என்று சின்ன ஜெட் போட்டிருக்கிறார்.

அந்த யோசனை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 1,070 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. மெலிந்த காற்றுக்கும் கிட்டத்தட்டப் பழைய அளவிலேயே பெட்ரோலை விடும், அதனால் கலவை கொஞ்சம் கனத்துப் போகும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் மறந்துபோகிற இன்னொரு பாதி இருக்கிறது. காற்று குளிர்ந்தால் அடர்த்தியாகும். 30 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு இறங்கினால் அடர்த்தி 8 சதவீதம் கூடுகிறது. மதியத்தில் மலை பறித்துக்கொண்டதில் பெரும் பங்கை விடியற்காலைக் குளிர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் குளிரில் கிளம்ப உபரி பெட்ரோல் வேறு வேண்டும். உயரத்தால் கலவை கொஞ்சம் கனமாவது காலையில் நமக்கு அனுகூலமே தவிர தொல்லை இல்லை. ஜெட்டைச் சிறிதாக்கி அந்த அனுகூலத்தையும் பிடுங்கிவிட்டார்கள். இமயமலை உயரத்துக்கு ஓட்டினால் ஜெட் மாற்றுவதில் அர்த்தம் உண்டு, மேமியோவுக்குத் தேவையில்லை என்பது என் கட்சி.

38 ஜெட் மாண்டலேயிலிருந்து வந்தது. போட்டேன். அப்படியே காற்றுத் திருகையும் சரிசெய்தேன். இந்தத் திருகில் பலரும் குழம்புவார்கள். திருகு ஏர் கிளீனர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது. உள்ளே முறுக்கினால் காற்று குறைந்து கலவை கனமாகும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளக்கிறது; வெளியே திருப்பினால்தான் கனமாகும். என்னுடையது ஏர் கிளீனர் பக்கம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, மெல்ல முழுக்க மூடி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே. அங்கிருந்து கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி, எங்கே எஞ்சின் தானாகவே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே விட்டேன்.

மறுநாள் காலை நிலைமை நன்றாகவே மாறியிருந்தது. கிளம்பியது. ஆனாலும் எதிர்வீட்டு வண்டி மாதிரி இல்லை. சோக்கை எடுத்ததும் வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஒரு தடுமாற்றம். பெட்ரோல் வழி சரியான பிறகும் தடுமாறினால், மீதி இருப்பது காற்று.

கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு குழாய், இரண்டு இணைப்பு. இணைப்பில் ஒரு தடிப்பான கறுப்பு வெப்பத்தடுப்பு, அதைத் தொடுகிற கார்புரேட்டர் முகத்தில் ஓடுகிற பள்ளத்தில் ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். இங்கே காற்று புகுந்தால் சோக்கே வீண். இளநீர்க் குழலில் நடுவில் ஒரு ஓட்டை இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வாய்க்கு வரும், அதே கதை. உதைக்கும்போது எஞ்சினின் உறிஞ்சலே கொஞ்சம்தான். அதையும் இந்த ஓட்டை பங்கு போட்டுக்கொண்டால் ஜெட்டிலிருந்து பெட்ரோல் ஏறாது. சூடாகி ஓடும்போது உறிஞ்சல் பலமாகி, தேவையும் குறைந்துவிடுவதால் அதே ஓட்டை கண்ணுக்கே தெரியாது.

கண்டுபிடிக்கிற வழி சுலபம், நேரம்தான் முக்கியம். விடியற்காலையில் கிளம்பியதும், சோக்கைப் பாதி விட்டு மெதுவாக ஓடவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் WD-40 ஸ்ப்ரேயின் மெல்லிய குழலை இணைப்பைச் சுற்றி நகர்த்தினேன். சைலன்சர் பக்கம் படாமல், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு. மேல் பக்கம் ஒன்றும் இல்லை. கீழே, கைக்கு எட்டாத மூலையில் பட்டதும் எஞ்சின் சட்டென்று குரல் மாற்றி வேகம் பிடித்தது. ஓட்டை வழியாக ஸ்ப்ரேயை உறிஞ்சி எரிக்கிறது. இன்னொரு முறை அங்கேயே அடித்தேன், மறுபடியும் அதே மாற்றம். இதையே மதியம் செய்து பார்த்தபோது மாற்றம் ஏதும் காதுக்குப் படவில்லை.

கழற்றினால், ஓ-ரிங் பள்ளத்தின் மட்டத்துக்கே தேய்ந்து தட்டையாகக் கிடந்தது. விரலை மேலே ஓட்டினால் தட்டுப்படவே இல்லை. புதிய ரிங் பள்ளத்திலிருந்து அரை மில்லிமீட்டராவது எழும்பி நிற்க வேண்டும், அதை நசுக்கித்தான் இணைப்பு மூடுகிறது. நகத்தால் கீறினால் ரப்பர் மாதிரி அமுங்காமல் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கியது. இது பாதிதான். கார்புரேட்டரின் முகத்தில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு போல்ட் ஓரமும் தொட, நடுவில் வெளிச்சம் கசிந்தது. யாரோ கசிவை அடைக்கிறேன் என்று நட்டுகளை மேலும் மேலும் முறுக்கி, அலுமினிய முகத்தையே வில்லாக வளைத்திருக்கிறார்கள். இறுக்க இறுக்க நடு இன்னும் விலகும், கசிவு இன்னும் கூடும். புது ரிங் மட்டும் போட்டிருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்கும்.

ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சமமான பலகையில் வைத்து, மேலே 400 நம்பர் எமரி தாள், ஒரு சொட்டு மண்ணெண்ணெய். கார்புரேட்டரின் உள்வழிகளைத் துணியால் அடைத்துவிட்டு, முகத்தைத் தாளின் மேல் வைத்து எட்டு போடுகிற மாதிரி தேய்த்தேன், அழுத்தாமல், அதன் எடையிலேயே. முதலில் இரண்டு ஓரங்கள் மட்டும் பளபளத்தன. தேய்க்கத் தேய்க்க பளபளப்பு நடுவை நோக்கி நகர்ந்தது. முகம் முழுக்க ஒரே நிறம் வந்ததும் நிறுத்தினேன். அதற்கு மேல் தேய்த்தால் பள்ளத்தின் ஆழம் குறைந்துவிடும். வெப்பத்தடுப்பின் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன், அது நேராகவே இருந்தது. கழுவி, ஊதி, புது ஓ-ரிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, சின்ன ஸ்பானரில் கை மணிக்கட்டு பலத்துக்கு மட்டும் முறுக்கினேன்.

ஓ-ரிங் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தண்ணீர்க் குழாய்க்கு விற்கிற ரிங் அளவு ஒத்துப்போகிறதே என்று போட்டுவிடாதீர்கள். பல சாதாரண ரப்பர் பெட்ரோலில் ஊறி வீங்கிவிடும். நைட்ரைல் ரிங் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு ராத்திரி பெட்ரோலில் போட்டு வைத்து, காலையில் அதே பள்ளத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள்.

வண்டி பிரித்த வாக்கில் ராத்திரி முழுக்கக் கிடந்ததால் வால்வையும் காலையில் பார்த்துவிட்டேன். வால்வு இடைவெளியைச் சில்லிட்ட எஞ்சினில்தான் அளக்க வேண்டும், அதற்கு மேமியோ விடியலைவிட நல்ல நேரம் கிடையாது. இடது பக்க மூடியைத் திறந்து, மேக்னெட்டோவில் இருக்கிற T கோடு அடையாளத்துக்கு நேராக வரும்வரை திருப்பி, வால்வை அழுத்துகிற இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இந்த வகை எஞ்சினுக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர். இன்டேக் சரியாக இருந்தது. எக்ஸாஸ்டில் அந்தக் கனமுள்ள அளவுத் தகடு நுழையவே இல்லை. இடைவெளி இல்லாத வால்வு முழுக்க மூடாது. உதைக்கிற மெதுவான வேகத்தில் அழுத்தம் அந்த வழியே கசிந்துவிடும். பூட்டு நட்டைத் தளர்த்தி, தகடு கொஞ்சம் இழுபட்டு நுழைகிற அளவுக்கு வைத்து, நட்டை முறுக்கியபின் மறுபடியும் அளந்தேன். முறுக்கும்போது திருகு கூடவே சுற்றி அளவு மாறுவது வழக்கம்.

இப்போது என் காலை வழக்கம் இதுதான். சாவியைத் திருப்பாமல், சோக்கை முழுக்கப் போட்டு, இரண்டு மெல்லிய உதை. பெட்ரோல் உள்ளே போய் உட்காரட்டும் என்று. அப்புறம் சாவி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரு முழு உதை. கடும் பனி நாளில் இரண்டாவது உதை. சத்தம் சீரானதும் சோக் பாதி, தெருமுனை திரும்புவதற்குள் முழுக்க எடுத்துவிடலாம். ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே உதைக்கிற பழக்கத்தை மைத்துனனிடம் இன்னும் மாற்ற முடியவில்லை. ஆக்சிலேட்டர் தூக்குகிற கார்புரேட்டர் ஸ்லைடு மேலே போனால் உறிஞ்சல் குலைந்துவிடும் என்று எத்தனை தரம் சொன்னாலும், "மாமா, கொஞ்சமா ரேஸ் கொடுத்தாத்தான் பிடிக்கும்" என்கிறான்.

மைலேஜ் என்ன ஆனது என்று எதிர்வீட்டு அண்ணன் கேட்டார். 38 ஜெட் போட்ட பிறகு பால் சுற்றில் பெட்ரோல் செலவு கூடியதாகத் தெரியவில்லை. முன்பு நெடுநேரம் சோக்கோடு ஓடியதே, அதில் போனதை யார் கணக்குப் பார்த்தார்கள். ஒன்று மட்டும் பாக்கி. கார்புரேட்டர் ஸ்லைடை உள்ளே ஆட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் அசைகிறது, ஒரு பக்கம் முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது. சும்மா நிற்கும்போது வேகம் சில சமயம் கொஞ்சம் ஏறி நிற்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். தனி ஸ்லைடு கிடைக்கிறதா, முழுக் கார்புரேட்டராகத்தான் தருவார்களா என்று மாண்டலேயில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.